அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர்

பாலோ ரயில் நிலையத்தில் இறங்கி, ஆசாரி வீடு எது என்று கேட்டால் போதும். கேட்கப்பட்டவர் தமிழரோ மலாய்க்காரரோ சீனரோ, கையை நீட்டி வழி காட்டிவிடுவார். அடையாள அட்டையில் இருந்த அப்பாவின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் யோசிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஆசாரி மகள், அண்ணன் ஆசாரி மகன், அம்மா ஆசாரியம்மா. இந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி, எந்தெந்த ஊர் வழியாக வந்து, ஜொகூரின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய மனிதர் மீது உட்கார்ந்தது என்று தேடிப் பார்ப்பதே அவரை நினைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி.

அப்பா பிறப்பால் ஆசாரி இல்லை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்கு முன்பே கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் கப்பலேறியவர்கள். ஊரில் அவர்கள் செய்தது வயல் வேலை. உளியும் வாளும் எங்கள் பரம்பரையில் யாரும் தொட்டதில்லை. அப்பாவும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தனக்கு ஒதுக்கிய மரவரிசையான நெறையைப் பிடித்து, மரம் சீவி, பால் எடுத்து, மங்கு கவிழ்த்துத் திரும்பியவர்தான். மத்தியானத்துக்குப் பிறகுதான் அவருக்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கும்.

மரம் சீவுகிற கையில்தான் தச்சு வேலையின் விதை விழுந்தது என்பது என் துணிபு. ரப்பர் மரத்தில் ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. குறைந்தால் பால் சரியாக இறங்காது. ஆழமாகப் போனால் கத்தி உள்ளே வளரும் திசுவைத் தொட்டுவிடும். அதைக் காயம் என்பார்கள். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். பிறகு அந்தப் பக்கம் சீவ முடியாது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரம், அத்தனையிலும் அந்த மெல்லிய அளவு. மங்கிய வெளிச்சத்தில், கொசுக்கடியில், கண்ணைவிடக் கையை நம்பிச் செய்யும் வேலை அது. இப்படிப் பழகிய கைக்கு இழைப்புளி பிடிப்பது புது வித்தையாக இருந்திருக்காது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் சப்பரத்தின் ஒரு சக்கரம் ஒரு வருடம் திருவிழாவுக்கு முன்னால் பிளந்துபோயிற்று. பட்டணத்திலிருந்து ஆள் வரவழைக்கக் காசில்லை. அப்பா தானே செய்வதாக ஏற்றுக்கொண்டு, மத்தியானங்களையெல்லாம் அந்த ஒரே சக்கரத்துக்குக் கொடுத்தார். புறநானூற்றின் 87ஆம் பாட்டில் ஔவையார் ஒரு தச்சனைச் சொல்கிறார். ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்லவன், ஒரு மாதம் முழுதும் கருதிச் செய்த ஒரே சக்கரத்தைப் போன்றவன் அதியமான் என்பது அவர் சொல்லும் உவமை. தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்ற அப்பா அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. சாமி ஊர்வலம் வந்தபோது சக்கரம் முனகக்கூட இல்லை. மறுநாள் பெரட்டில் தோட்டத்துக் கணக்கரான கிராணி, "என்ன ஆசாரி, நெறைக்குப் போகலையா?" என்றாராம். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

கிராணி வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு வயது அதிகம். வடமொழி ஆசார்ய என்பதே மூலம். ஆசாரம் என்றால் நடத்தை, ஒழுகும் முறை. நம்முடைய பதினெண்கீழ்க்கணக்கிலேயே ஆசாரக்கோவை என்று பெருவாயின் முள்ளியார் எழுதிய நூல் இருக்கிறது. ஆசார்ய என்ற பெயர் ஏன் வந்தது என்று யாஸ்கர் தம் நிருக்தத்தில் கேட்டு, மூன்று விடை தருகிறார்: நல்ல நடத்தையைப் பற்றிக்கொள்ளச் செய்பவர், பொருள்களைச் சேர்த்து அடுக்குபவர், அறிவை அடுக்கி எழுப்புபவர். பின்னிரண்டில் அவர் கையாளும் வினை, வேள்விக் குண்டத்துக்குச் செங்கல் அடுக்குவதற்கும் வரும் அதே வினை. சொல்லாய்வாளர் ஆசாரம் என்ற முதல் விடையையே ஏற்பார்கள். எனக்கு அடுக்குவது பிடித்திருக்கிறது. சொல்லின் பிறப்பு அதுவல்ல என்றாலும், கட்டுபவரையும் கற்பிப்பவரையும் ஒரே வினையில் பார்த்த ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்.

பாலி மொழியில் இது ஆசரிய ஆயிற்று. பௌத்தத்தோடு கடல் கடந்து, பர்மாவில் சயா ஆகிப் பள்ளி ஆசிரியரையும் மருத்துவரையும் அழைக்கும் மரியாதைச் சொல்லாக நிற்கிறது. சயாமில் ஆஜான், பல்கலைக்கழகப் பேராசிரியர். கம்போடியாவில் ஆச்சார், கோயில் சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவர். சீன எழுத்தின் வழியாக ஜப்பானுக்குப் போய் அஜாரி என்று பௌத்த குருமாரின் பட்டமாயிற்று. மலாய் மொழி ஆசார்யரை எடுத்துக்கொள்ளாமல் ஆசாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மலேசியாவில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையில் தரும் நிகழ்ச்சி நிரல் 'ஆச்சாரா'. மேடையில் ஒலிவாங்கி பிடித்து நடத்துபவர் 'பெங்காச்சாரா'.

தமிழில் இதே வேர் இரண்டு கிளை விட்டது. ஒரு கிளை ஆசிரியர், இன்னொன்று ஆசாரி. தேவநேயப் பாவாணர் ஆசிரியன் என்பதை ஆசு, அதாவது குற்றம், இரியச் செய்பவன் என்று தமிழாகவே பிரித்துக் காட்டினார். மற்ற ஆய்வாளர் பலரும் பிராகிருத வழியையே ஏற்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். இரண்டு கிளைகளில் ஒன்றுக்குச் சுண்ணக்கட்டியும் கறுப்புப் பலகையும் கிடைத்தன. இன்னொன்றுக்கு உளியும் மரத்தூளும் கிடைத்தன. சிங்களத்தில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மை. முனைவர் பட்டம் பெற்றவரின் பெயருக்கு முன்னால் ஆசார்ய என்று போடுவார்கள், பேராசிரியர் மகாசார்ய. இரும்படிப்பவர் ஆசாரி. கேரளத்தில் ஆசாரி என்றால் தச்சரே. கல்வேலை செய்பவர் கல்லாசாரி. களரிப் பயிற்சி தருபவரும் எழுத்துப் பள்ளி நடத்தியவரும் ஆசான்.

கற்பிப்பவரின் பட்டம் கைவினைஞருக்கு எப்படிப் போனது? பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசி லோகமாதேவி, கணவன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக எடுப்பித்தது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டன் அனிவாரிதாசாரி என்றும், அவருக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் தரப்பட்டது என்றும் அங்கேயே கல்வெட்டு பேசுகிறது. மூவுலகுக்கும் ஆசாரி. கல்லைச் செதுக்கத் தெரிந்தவன் என்பதற்காக மட்டும் அந்தப் பட்டம் கிடைத்திருக்காது. அளவு நூல் தெரிந்து, ஒரு கூட்டம் ஆட்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, அவர்கள் கைகளையெல்லாம் தன் கைபோல் ஆக்கி வேலை வாங்கியவனே ஆசாரி. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தபோது அதன் கல்வெட்டு தலைமைக் கலைஞரைக் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்கிறது. அங்கே தச்சன் என்ற சொல்லே பெருமையாக நிற்கிறது. பின்னாளில் கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்ற ஐந்தொழில் மக்களுக்கும் ஆசாரி பொதுப் பட்டமாகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிறப்போடு ஒட்டிக்கொண்டது.

அதற்கும் முன்பு தமிழுக்கென்று ஒரு சொல் இருந்தது: கைவல். கையில் வல்லமை உடைய என்று பொருள். புறநானூற்றின் 206ஆம் பாட்டில் ஔவையார் தச்சனின் பிள்ளைகளுக்கு இந்த அடையைத் தருகிறார். அந்தப் பிள்ளைகள் கோடரியோடு எந்தக் காட்டுக்குள் போனாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்பது அங்கே கருத்து. நெடுநல்வாடையில் நக்கீரர் இதே சொல்லைக் கம்மியருக்குத் தருகிறார். இடுக்கே தெரியாதபடி இறுகப் பொருத்திய அரண்மனைக் கதவு அங்கே வருகிறது. சாதி சுட்டாத, வேலையை மட்டும் சுட்டும் சொல். இது வழக்கிலிருந்து போனது எனக்குப் பெரிய வருத்தம். இருந்திருந்தால் கிராணிக்கும் ஊருக்கும் அதுவே கைகொடுத்திருக்கும்.

அப்பாவுக்குக் கற்பித்தவர் பாலோ கடைவீதியில் மேசை நாற்காலியும் சவப்பெட்டியும் செய்துவந்த ஒரு வயதான சீனத் தச்சர். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். சம்பளம் கிடையாது. மரத்தூள் கூட்டி, ஆணி நிமிர்த்தி, வாள் தீட்டி, பார்த்துப் பார்த்துக் கற்றார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும். அவரை அப்பா சிஃபு என்று அழைத்தார். அந்தச் சீனச் சொல்லில் முதல் எழுத்துக்கு ஆசிரியர் என்று பொருள். ஒரு விதமாக எழுதினால் அது தொழில் வல்லவரைக் குறிக்கும். ஒலி மாறாமல் இரண்டாம் எழுத்தை மட்டும் மாற்றி எழுதினால் ஆசிரியரும் தந்தையுமானவர் என்று ஆகிவிடும். தமிழ்நாட்டில் கட்டட வேலை நடத்தும் மேஸ்திரி, போர்த்துக்கீசிய மெஸ்த்ரே வழியாக வந்தவர். அதுவும் ஆசிரியர் என்று பொருள்படும் சொல்லே. மூன்று வெவ்வேறு நாகரிகங்கள், ஒன்றையொன்று கேட்காமல், கையால் செய்பவரையும் சொல்லிக்கொடுப்பவரையும் ஒரே பெயரால் அழைத்திருக்கின்றன. தொழிலைத் தொழிற்சாலைக்கும் கல்வியைப் பள்ளிக்கும் பிரித்துக் கொடுத்த பிறகுதான் இது நமக்கு வியப்பாக இருக்கிறது.

பாலோவில் அப்பாவுக்கு வேறு பெயர்களும் உண்டு. ஜொகூர் ரயில்பாதை 1909இல் திறந்த காலந்தொட்டு மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத்தவர் நிறையப் பேர் உத்தியோகம் பார்த்தார்கள். அப்படிப்பட்ட குடும்பத்து அம்மா ஒருவர் அப்பாவை "ஓடாவியார்" என்பார். ஓடாவி முதலில் தோணி கட்டுபவர், பிறகு தச்சர். கடற்கரை மக்களின் சொல் கடலே தெரியாத பாலோவுக்கு ரயிலேறி வந்திருந்தது. மலாய்க்காரர் சிலருக்கு ஆசாரி என்பது "அஷாரி" என்று கேட்டது. அது அவர்களிடையே சாதாரணமாக வழங்கும் ஆண் பெயர். பஸ்ராவில் பிறந்து 936இல் மறைந்த இமாம் அபுல் ஹசன் அல்-அஷ்அரியின் பெயரோடு ஒத்து ஒலிப்பது. பக்கத்துக் கம்பத்துப் பெரியவர் ஒருவர் அப்பாவைக் கடைசிவரை "பாக் அஷாரி" என்றே மரியாதையோடு கூப்பிட்டார். அப்பா திருத்தவில்லை.

அந்தப் பெரியவருக்கு அப்பா ஒரு கட்டில் செய்து கொடுத்தார். மலாயில் கட்டிலுக்குக் காத்தில், பெட்டிக்குப் பெத்தி; இரண்டும் நம்மிடமிருந்து போனவை. நம் கடையும் கப்பலும் குளமும்கூட அங்கே கெடாய், காப்பால், கோலம் என்று வழங்குகின்றன. வணிகர் கொண்டுபோன சொற்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கட்டிலும் பெட்டியும் போயிருப்பதைப் பார்த்தால், கப்பலில் உளியோடும் சிலர் ஏறியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குளம் என்றதும் ஊர்ப்பெயர் நினைவுக்கு வருகிறது. ரப்பர்ப் பாலைப் பால் என்றே சொல்லும் எங்கள் ஆட்கள் பாலோவையும் பாலோடு சேர்த்தே காதில் வாங்கினார்கள். பெயர் ரப்பருக்கு மூத்தது. மலாயில் பாலோ என்பது தாழ்ந்து நீர் தேங்கிக் கிடக்கும் நிலம். கலிமந்தானின் சம்பாஸ் கடற்கரையிலும், ஆச்சேயிலும், சரவாக்கின் ராஜாங் ஆற்று முகத்திலும் இதே பெயரில் ஊர்கள் உண்டு. தச்சருக்கு இது முக்கியமான செய்தி. ஈர மண்ணில் வைத்த மரம் அடியிலிருந்து உளுக்கும், கறையான் ஏறும். அப்பா எந்தக் கட்டில் காலையும் மண்ணில் நிறுத்தமாட்டார். கீழே ஒரு கல் கட்டாயம். ரப்பர்க் கட்டையை வீட்டுச் சாமானுக்குத் தொடவும் மாட்டார். வெட்டிய சில நாளில் பூஞ்சை பிடித்துப் பொடிந்துபோகும் மரம் அது. புகைக்கூடத்துக்கு விறகாகத்தான் போகும். பிற்பாடு மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் முறை வந்து, அதே மரம் மேசை நாற்காலியாகி மலேசியாவிலிருந்து உலகமெங்கும் ஏற்றுமதியானபோது அப்பாவுக்கு நம்பிக்கை வர வெகுகாலம் பிடித்தது. கடையில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நகத்தால் கீறிப் பார்த்து, "நம்ம மரமா இது?" என்றார். அந்த மரத்தின் பட்டையை வாழ்நாள் முழுக்கச் சீவியவரின் கேள்வி.

வீட்டுக்குள் அவர் செய்தவற்றைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் அடுப்பு தரையோடு இருக்கும். தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்து நின்றதை அப்பா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவை நேராக நிற்கவைத்து, முழங்கை உயரத்தைக் கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு அடுப்பு மேடை எழும்பியது. பாத்திரம் கழுவும் பலகையும் அதே உயரத்துக்கு வந்தது. அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக்காரர்களை அனுப்பினார்கள். அவர்களுக்கு அப்பா செய்து கொடுக்கவில்லை. கயிற்றைக் கொடுத்து, "போயி ஒம் பொண்டாட்டிய அளந்துட்டு வா" என்றார். அளந்து வந்தவர்களுக்குச் செய்யச் சொல்லிக் கொடுத்தார். லயம் முழுக்க அடுப்பு உயர்ந்தது இப்படித்தான். திரிபுவனாசாரி செய்ததும் அளவில் பெரியதே தவிர வகையில் வேறல்ல என்பேன்.

எங்கள் எல்லோருக்கும் நடைவண்டி அவர் கையால்தான். குறுந்தொகையின் 61ஆம் பாட்டு, தும்பிசேர் கீரனார் பாடியது, தச்சன் செய்த சிறு வண்டியைச் சொல்கிறது. ஏறிப் போய் மகிழ முடியாத குழந்தைகள் கையால் இழுத்தே மகிழ்வார்களாம். மருத்துவமனையில் அம்மா கிடந்த நாட்களில் அப்பா எனக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினார். வகிடு மட்டும் யார் எடுத்ததைவிடவும் நேராக இருக்கும். பிறகு சோறு வடித்து, துணி துவைத்து, பாத்திரம் கட்டி, ரயிலேறிக் குளுவாங் போய் அம்மாவுக்கு ஊட்டிவிட்டு வருவார். ஆம்பிளை இதெல்லாம் செய்வதா என்று லயத்தில் பேச்சு வந்தது. காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குடும்பத்தைத் தாங்குவது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் விஷயத்தில் அது உத்தரம் தாங்குவதுபோல, நாள் முழுக்க, ஓசையில்லாமல் நடந்தது.

சாதி தோட்டத்துக்கும் கப்பலேறி வந்தது. கல்யாணப் பேச்சில் இன்றும் தலைகாட்டுகிறது. எனவே இந்தப் பெயர் சங்கடமும் தந்தது. அக்காவுக்கு நகை செய்யக் குளுவாங்குக்குப் போனபோது, பத்தர் ஒருவர், அப்பாவை மற்றவர்கள் அழைத்த பெயரைக் கேட்டுவிட்டு, நீங்க எந்த ஊரு ஆசாரி என்று உறவு விசாரித்தார். அப்பா மறைக்கவில்லை. "நாங்க அந்த ஆளுங்க இல்லீங்க. ஊருல சும்மா அப்படிக் கூப்புடுறாங்க." பத்தர் அப்பாவின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் அடியில் காய்ப்பு, ஆள்காட்டி விரலில் உளி ஏறிய தழும்பு. "சும்மா கூப்புடல" என்றார். தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரைச் சுமந்தவரிடமிருந்து வந்த இந்த அங்கீகாரத்தை அப்பா பெரிதாக நினைத்தார். வாழ்க்கையில் அவர் தன்னைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது ஒன்றுதான்.

பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறிற்று, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனோம். அப்பாவும் அம்மாவும் பாலோவிலேயே இருந்தார்கள். அவர் இறந்த அன்று இரவு, மறுநாள் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தோம். அடையாள அட்டைப் பெயரோடு "(எ) ஆசாரி" என்று சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. அண்ணன் வேண்டாம் என்றார். பார்ப்பவர்கள் சாதிப் பட்டம் என்று நினைப்பார்கள். நமக்கில்லாத பெயரை எடுத்துக்கொண்டோம் என்று யாராவது சொல்லலாம். உரியவர்கள் மனமும் நோகலாம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தம்பி, ஊர் வைத்த பெயரை எடுக்க நாம் யார் என்றான். ஆசார்ய, ஆசரிய, ஆசிரியர் என்று நான் எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பேர போடலன்னா செத்தது யாருன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார்.

போட்டோம். லயத்தில் இருந்து சிதறிப்போன குடும்பங்கள் சிகாமாட்டிலிருந்தும் பாசிர் கூடாங்கிலிருந்தும் வந்து சேர்ந்தன. சமையலறை அலுமாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் தன் வேலையாட்களோடு வேனில் வந்து இறங்கினார். சிஃபுவின் பேரன் ஊதுவத்திக் கட்டோடு வந்தார். பாடையைத் தூக்க முறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.